எடிட்டிங் மேசை யாருடையது? ஊர் கூடிப் பணம் போட்டு உருவாக்கிய சில மென்பொருட்களின் கதை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் சுடுகாட்டுப் பாதைப் பிரச்சினையைப் படமெடுத்தோம். வயல் வரப்பு வழியே பிணம் போகக் கூடாது என்று தடுக்கப்பட்ட காலனி மக்கள், இடுப்பளவு வாய்க்கால் தண்ணீரில் பாடையைச் சுமந்துபோன கதையைக் கேமரா முன் சொன்னார்கள். ஒரு பாட்டி தன் கணவரை அப்படித்தான் கொண்டுபோனோம் என்றார். தடுத்தவர்களின் பெயர்களையும் சொன்னார். பயப்படவில்லை. மொத்தம் நாற்பது நிமிடப் பேச்சு. அதைப் பன்னிரண்டு நிமிடமாக வெட்டிக் கோர்க்க வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு கைப்பேசியும் ஒரு பென்டிரைவும். கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒரு கடையில் கொடுத்தோம். முன்பணமும் கட்டினோம்.

மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். முதலில் சிஸ்டம் ரிப்பேர் என்றார்கள், பிறகு முகூர்த்த சீசன் என்றார்கள். நான்காவது வாரம் பென்டிரைவைத் திருப்பி வாங்கும்போதுதான் தெரிந்தது, யார் பார்க்கக் கூடாதோ அவர்கள் அதை எங்களுக்கு முன்பே பார்த்திருக்கிறார்கள். பாட்டியின் மகனுக்கு அந்த ஊர் வயல்களில் வேலை நின்றுபோனது. அவர் செங்கல் சூளைக்குப் போனார். பாட்டி எங்களிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்தக் கடையின் பெயரை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. படம் பிடிக்கும் கருவி நம் கைக்கு வந்துவிட்டது, வெட்டிக் கோர்க்கும் மேசை வரவில்லை என்பதுதான் அன்று நாங்கள் கற்ற பாடம். அந்த மேசை பின்னர் எங்கள் கைக்கும் வந்தது. அது எப்படி உருவானது, அதற்குக் காசு கொடுத்தவர்கள் யார் என்று தேடியபோது கிடைத்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறோம். கணினி படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இதில் பாதி தெரிந்திருக்கலாம். மீதிப் பாதி பணத்தின் கதை. பணத்தின் கதையை நமக்கு யாரும் பாடத்திட்டத்தில் வைப்பதில்லை.

ஊர் கூடிக் காசு போட்டுக் கருவி வாங்குவது நமக்குப் புதிதல்ல. 1907 ஜூன் மாதம் சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் ஒரு வார இதழைத் தொடங்கினார். அதன் விலையே அதன் பெயர்: 'ஒரு பைசாத் தமிழன்'. கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்கள் அதைப் படித்தார்கள், தாங்கிப் பிடித்தார்கள். அவர் மறைந்த பிறகு அவர் எழுத்துகளை நூல்களாக்கியதும் தங்கவயல் மாரிக்குப்பத்துச் சித்தார்த்தா புத்தகசாலைதான். 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்க, சாகு மகராஜ் 2,500 ரூபாய் கொடுத்து உதவினார். அந்த இதழுக்கான விளம்பரத்தைக் கட்டணம் கொடுத்தும் போட மறுத்தது திலகரின் 'கேசரி'. காசு கொடுத்தாலும் அடுத்தவன் மேசையில் நமக்கு இடமில்லை என்பது அன்றைய அச்சகத்துக்கும் பொருந்தும், எங்கள் ஊர் எடிட்டிங் கடைக்கும் பொருந்தும்.

இனி நெதர்லாந்துக்குப் போவோம். 'கிரவுட் ஃபண்டிங்' என்ற சொல் புழக்கத்துக்கு வராத காலத்தில் அங்கே நடந்த ஒரு சம்பவம், இன்றைய கூட்டுநிதிப் பிரச்சாரங்களுக்கெல்லாம் அண்ணன்.

டோன் ரோசண்டால் என்பவர் அனிமேஷன் ஸ்டுடியோ ஒன்றில் தங்கள் சொந்த வேலைக்காக 'ப்ளெண்டர்' என்ற மென்பொருளை உருவாக்கினார். முப்பரிமாணப் படங்கள் செய்வதற்கானது. காட்சிகளை வெட்டி ஒட்டும் டைம்லைனும் அதற்குள்ளேயே உண்டு. அதை வளர்க்க 1998இல் 'நாட் எ நம்பர்' என்ற நிறுவனம் தொடங்கினார். 2000இல் முதலீட்டாளர்கள் 45 லட்சம் யூரோ போட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்த பயனர்கள் இரண்டரை லட்சத்தைத் தாண்டினார்கள். ஆனால் விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை. 2002 தொடக்கத்தில் முதலீட்டாளர்கள் கடையை மூடினார்கள்.

மென்பொருள் நிறுவனம் மூடப்பட்டால் என்ன ஆகும்? தறி நெய்பவரின் முதலாளி ஓடிப்போனாலும் தறியாவது மிஞ்சும். இங்கே மூல நிரல் முதலீட்டாளர்களின் சொத்து. எழுதியவரே அதைத் தொட முடியாது. பயனர்களிடம் இருக்கும் பிரதி சில ஆண்டுகள் ஓடும், புதிய கணினிகளில் ஓடாமல் போகும், பிறகு செத்துவிடும். லட்சக்கணக்கானோர் பல ஆண்டுகள் பழகிய கை வித்தையும் அதோடு செத்துவிடும்.

ரோசண்டால் முதலீட்டாளர்களோடு பேசி ஒரு விலை முடித்தார்: ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் மூல நிரலை விடுதலை செய்வோம். பிணைப்பணம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். 2002இல் ப்ளெண்டர் அறக்கட்டளை அமைத்து, ஜூலை 18 அன்று வசூலைத் தொடங்கினார். கிக்ஸ்டார்ட்டர் பிறக்க இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன. வந்து போகும் பணத்துக்கு இணையதளத்தில் கணக்கு, 50 யூரோ கொடுப்பவர்களுக்கு உறுப்பினர் அந்தஸ்து, அவ்வளவுதான் ஏற்பாடு. எடுத்து முடிக்கப் பல மாதங்கள், ஏன் ஆண்டுகள்கூட ஆகலாம் என்று எண்ணிய தொகை ஏழே வாரங்களில் சேர்ந்தது. 2002 அக்டோபர் 13 அன்று ப்ளெண்டரின் மூல நிரல் குனு பொது உரிமத்தின் கீழ் உலகத்துக்கு வந்தது.

அந்த உரிமத்தைப் பற்றி இங்கே நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஜிபிஎல் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த உரிமத்தின்படி யார் வேண்டுமானாலும் மென்பொருளைப் பயன்படுத்தலாம், பிரதி எடுக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், காசுக்கு விற்கவும் செய்யலாம். ஒரே நிபந்தனை: மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது அதே உரிமைகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுத்தவன் கிணற்றைச் சுற்றி வேலி போட முடியாது. கிணறு, வேலி என்ற சொற்கள் நமக்கு உவமை மட்டுமல்ல என்பது வேறு கதை.

அந்த ஏழு வாரத்தில் காசு கொடுத்தவர்களில் பலர் இன்று ப்ளெண்டரைத் திறக்காமலே இருக்கலாம். ஆனால் 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியா நாட்டுப் படம் 'ஃப்ளோ' ப்ளெண்டரில் செய்யப்பட்டது. பெரிய ஸ்டுடியோக்களின் படங்களோடு போட்டியிட்டு ஒரு சிறு குழு ஜெயித்தது.

ப்ளெண்டர் வசூலில் ஒரு வசதி இருந்தது. காசு கொடுத்தவர்கள் வாங்கியது ஏற்கெனவே எழுதி முடித்த பொருள். பூட்டிய பெட்டி, சாவிக்கு விலை. அடுத்து வந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் கேட்ட பணம் இனிமேல் எழுதப்போகும் நிரலுக்கானது. அங்கேதான் சிக்கல்கள் தொடங்கின.

அதற்கு முன் நம் பக்கத்து ஊர்ச் சங்கதி ஒன்று. கேடென்லைவ், ஷாட்கட், ஃப்ளோபிளேட் என்று லினக்ஸ் உலகில் நாம் இன்று பயன்படுத்தும் காணொளித் தொகுப்பு மென்பொருட்கள் பலவற்றின் அடியில் எம்எல்டி என்ற ஒரே எந்திரம்தான் ஓடுகிறது. அதன் பழைய நிரல் கோப்புகளைத் திறந்தால் தலைப்பிலேயே காப்புரிமையாளர் பெயர் இருக்கும்: உஷோதயா என்டர்பிரைசஸ். ஆம், ஹைதராபாத்தின் ஈநாடு பத்திரிகையை நடத்தும் அதே குழும நிறுவனம்தான். தொலைக்காட்சி ஒளிபரப்புத் தேவைக்காக 2003 வாக்கில் அந்த நிறுவனத்தின் செலவில் எழுதப்பட்ட நிரல் திறமூலமாக வெளியிடப்பட்டது. தெலுங்கு டிவிக்காகப் போட்ட காசில் உலகமே படம் வெட்டுகிறது. இந்தியர்கள் திறமூலத்தை எடுத்துப் பயன்படுத்த மட்டுமே தெரிந்தவர்கள் என்று யாராவது சொன்னால் இந்தக் கோப்புகளைத் திறந்து காட்டுங்கள்.

இனி கூட்டுநிதி. கேடென்லைவ் 2002இல் தனி ஒருவரின் முயற்சியாகத் தொடங்கியது. பிறகு வேறொருவர் எடுத்து வளர்த்தார், தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். பத்து ஆண்டுகளில் வசதிகள் கூடிக்கொண்டே போக, அடித்தளம் தாங்கவில்லை. ஒரு மூலையைத் தொட்டால் இன்னொரு மூலை இடிந்தது. உள்ளே இருப்பதைப் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும் என்று 2012இல் அந்தக் குழுவின் இளம் நிரலாளர் டில் தியாட்டோ இண்டிகோகோ தளத்தில் பணம் கேட்டார். கேட்டது வெறும் 4,000 டாலர். வந்தது 7,000க்கும் மேல்.

நல்ல செய்திதானே என்று தோன்றும். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு மனிதர் எத்தனை மாதம் சாப்பிட முடியும்? வேலை தொடங்கியது, ஓரளவு நடந்தது, முடியவில்லை. கேடென்லைவின் டைம்லைன் முழுமையாகத் திருத்திக் கட்டப்பட்டு மக்கள் கைக்கு வந்தது 2019 ஏப்ரலில். இடைப்பட்ட ஆண்டுகளில் அதைச் செய்தது பெரும்பாலும் சம்பளம் இல்லாத உழைப்பு. இங்கே அந்த இளைஞரைக் குறை சொல்பவர்களோடு நாங்கள் இல்லை. கொத்தனாரிடம் ஒரு நாள் கூலியைக் கொடுத்துவிட்டு வீடு எங்கே என்று கேட்பது என்ன நியாயம்?

ஓப்பன்ஷாட்டின் கதை இதைவிடப் பெரியது, அதனால் பாடமும் பெரியது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஜொனாதன் தாமஸ் 2008இல் அதைத் தொடங்கினார். லினக்ஸுக்கு மாறியவர், வீடியோ வெட்ட எளிமையான ஒன்று கிடைக்காததால் தானே எழுத உட்கார்ந்தார். 2010இல் முதல் முழுப் பதிப்பு வந்தது. லினக்ஸில் மட்டும் ஓடும். உலகத்தில் பெரும்பாலானோர் விண்டோஸில் இருக்கிறார்களே? 2013 வசந்த காலத்தில் கிக்ஸ்டார்ட்டரில் இறங்கினார். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் புதிய ஓப்பன்ஷாட் செய்து தருகிறேன், 20,000 டாலர் வேண்டும் என்றார். 1,400க்கும் மேற்பட்டோர் சேர்ந்து 45,000 டாலர் கொடுத்தார்கள். அன்றைய மதிப்பில் 24 லட்சம் ரூபாய். தலைக்குச் சராசரியாக 30 டாலர்.

அந்த வசூல் முடிந்த சில வாரங்களில், 2013 மே மாதம், அடோபி நிறுவனம் ஒரு அறிவிப்புச் செய்தது. பிரீமியர், போட்டோஷாப் முதலியவற்றின் புதிய பதிப்புகளை இனி ஒருமுறை விலை கொடுத்து வாங்க முடியாது, மாதச் சந்தாதான். சந்தா நின்றால் மென்பொருள் நிற்கும். சொந்த மேசை என்ற பேச்சே அங்கே முடிந்தது, இனி எல்லோரும் வாடகைக் குடித்தனம். நம்மூரில் இதன் விளைவு என்ன என்று எல்லோருக்கும் தெரியும்: கிராக் பதிப்பு. எங்கள் நண்பர் ஒருவரின் மடிக்கணினியில் நாங்களும் அதைத்தான் ஓட்டினோம். வைரஸ் வந்து இரண்டு மாத வேலை போனது. அது பரவாயில்லை. நம்மைப் போன்றவர்களின் கணினியைத் தூக்கிக்கொண்டு போக ஒரு காரணம் தேடுகிறவர்கள் இருக்கும்போது, திருட்டு மென்பொருள் என்ற காரணத்தை நாமே தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்க வேண்டுமா?

ஓப்பன்ஷாட்டுக்கு வருவோம். புதிய பதிப்பு 2013 முடிவதற்குள் வரும் என்று எதிர்பார்த்தார்கள். வரவில்லை. 2014இலும் வரவில்லை. 2015 போனது. பணம் போட்டவர்களில் சிலர் ஏமாந்துவிட்டோம் என்று எழுதினார்கள். நடந்தது மோசடி அல்ல. மூன்று இயங்குதளங்களிலும் ஓட வேண்டுமென்றால் இரவல் எந்திரத்தை நம்ப முடியாது என்று தாமஸ் முடிவு செய்தார். அதுவரை பயன்படுத்திய எம்எல்டியை விட்டுவிட்டு, படத்தையும் ஒலியையும் கையாளும் அடிப்படை நூலகத்தையே சி பிளஸ் பிளஸ் மொழியில் தானே புதிதாக எழுதினார். ஒரு ஜன்னல் மாற்றுகிறேன் என்று தொடங்கி அஸ்திவாரம் தோண்டிய கதை. 2016இல்தான் ஓப்பன்ஷாட் 2 பொதுமக்களுக்கு வந்தது. வந்த பதிப்பும் அடிக்கடி நின்றுபோகும், அதையும் மறைக்க வேண்டியதில்லை. பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும்.

கணக்கைப் பாருங்கள். 45,000 டாலரில் கிக்ஸ்டார்ட்டருக்கு 5 சதவீதம் போகும், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி, கொடையாளர்களுக்கு அனுப்பும் சட்டை, டிவிடி செலவு தனி. மிஞ்சுவது அமெரிக்காவில் ஒரு நிரலாளரின் ஓராண்டுச் சம்பளத்துக்கும் குறைவு. அதை வைத்து மூன்று ஆண்டு வேலை. பற்றாக்குறையை யார் ஈடுகட்டினார்கள்? அந்த மனிதரின் இரவுகளும் அவர் குடும்பத்தின் விடுமுறை நாட்களும். கூட்டுநிதி வரலாற்றில் இந்த வரி எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. நம் இயக்கங்களின் வரவு செலவிலும் வருவதில்லை என்பதை நாம் நேர்மையாக ஒத்துக்கொள்வோம். நோட்டீஸ் அடித்த செலவை எழுதுகிறோம், அதை விடிய விடிய எழுதிய தோழரின் தூக்கத்தை எங்கே எழுதுகிறோம்?

2014இல் பிடிவி முயன்றது. 2004இல் பிரான்சில் ஒரு மாணவர் தொடங்கிய மென்பொருள் அது. அதன் குழுவினர் எல்லோரையும்விட நேர்மையாகக் கணக்குப் போட்டார்கள் என்பது எங்கள் கருத்து. கவர்ச்சியான புது வசதிகளைச் சொல்லிப் பணம் கேட்கவில்லை. முதலில் நின்றுபோகாமல் ஓடும் 1.0 பதிப்பு, அதற்கு இரண்டு நிரலாளர்களின் சம்பளம், குறைந்தது 35,000 யூரோ என்றார்கள். அதற்குமேல் வந்தால் அடுத்து எந்த வசதி வேண்டும் என்று கொடையாளர்களே வாக்களிக்கலாம். பணத்தை நோம் அறக்கட்டளை வைத்திருந்து கொடுக்கும். ஏற்பாடு இத்தனை ஒழுங்காக இருந்தும் குறைந்தபட்ச இலக்குகூட எட்டவில்லை. வந்த பணத்துக்கு வேலை செய்தார்கள். 1.0 என்ற எண்ணைத் தாங்கிய பதிப்பு கடைசிவரை வரவில்லை, 2020இல் ஆண்டைப் பெயராகக் கொண்டு பதிப்பு வெளியிட்டார்கள்.

ஏன் தோற்றது? மூன்று இயங்குதளமும் ஓடும் என்ற வாக்குறுதிக்கு மக்கள் காசு கொடுத்தார்கள். பிழை திருத்துகிறேன் என்றால் கொடுக்கவில்லை. புதுக் கோயில் கட்டக் குவியும் காசு ஒழுகும் பள்ளிக்கூரைக்குக் குவியாது. கண்ணுக்குத் தெரியாத பராமரிப்பு வேலைக்கு எந்தச் சமூகமும் லேசில் மதிப்புத் தருவதில்லை. சாக்கடை அடைத்தால் மட்டும்தான் அதைச் சுத்தம் செய்பவர் இருக்கிறார் என்பது நினைவுக்கு வரும் நாட்டில் இதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

இதே காலத்தில் நிறுவனங்கள் என்ன செய்தன என்பதையும் பார்க்க வேண்டும். லைட்வொர்க்ஸ் ஹாலிவுட்டில் பெரும்பெயர் பெற்ற தொகுப்பு மென்பொருள். மார்ட்டின் ஸ்கார்செசியின் படங்களைத் தொகுக்கும் தெல்மா ஷூன்மேக்கர் அதில்தான் வேலை செய்பவர். அதை வைத்திருந்த எடிட்ஷேர் நிறுவனம், 2010இல் மூல நிரலைத் திறந்துவிடப்போகிறோம் என்று அறிவித்தது. உலகமே கைதட்டியது. நிரல் வரவில்லை. நிறுவனம் பின்னர் கைமாறியது, இலவசப் பதிப்பு உண்டு, விலைப் பதிப்பு உண்டு, ஆனால் மூல நிரல் மட்டும் இன்றுவரை பூட்டியே கிடக்கிறது. ஓப்பன்ஷாட் தாமதம் என்று திட்டியவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். முன்னது வந்தது. பின்னது வரவேயில்லை.

டாவின்சி ரிசால்வ் இலவசமாகக் கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அருமையான மென்பொருள்தான். எங்களில் ஒருவர் அதைத்தான் பயன்படுத்துகிறார். ஆனால் அது ஓட நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும், உதவித்தொகையில் படிக்கும் மாணவரின் கணினியில் அது இருக்காது. லினக்ஸில் அதன் இலவசப் பதிப்பு, நம் கைப்பேசிகள் எடுக்கும் எச்.264 காணொளியை நீண்ட காலமாகத் திறக்கவே இல்லை. இது ஏன் என்று கேட்கவோ, நாமே திருத்தவோ நமக்கு உரிமை கிடையாது. கொடுப்பவர் மனம் இருக்கும்வரை இலவசம். நம் பாட்டன்களுக்குப் பண்ணையார் வீட்டில் கிடைத்த சோறும் இலவசம்தான்.

இந்த வசூல்களில் காசு போட்டவர்கள் யார் என்பதையும் கேட்காமல் விட முடியாது. 2013இல் கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்கும் உரிமை அமெரிக்கா, பிரிட்டன் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்டவருக்கே இருந்தது. பணம் போட வேண்டுமானால் டாலரில் கட்டும் அட்டை வேண்டும். சாதி நிலம் தராத, வங்கி கடன் தராத குடும்பத்திலிருந்து வந்த மாணவரிடம் கிரெடிட் கார்டு எங்கிருந்து வரும்? 'கூட்டம்' என்று பெயர் இருக்கிறதே தவிர, அந்தக் கூட்டத்தில் நாம் இல்லை. உழைக்கும் மக்கள் காசு தரமாட்டார்கள் என்பதல்ல காரணம். 1976இல் சியாம் பெனகலின் 'மந்தன்' படத்துக்குக் குஜராத்தின் ஐந்து லட்சம் பால் உற்பத்தியாளர்கள் தலைக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் ஒடேசா தோழர்களும் 1984 முதல் ஊர் ஊராகப் போய்ச் சாப்ளின் படம் காட்டி, துண்டேந்தி, அந்தக் காசில் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். இரண்டு ரூபாயை வாங்கிக்கொள்ளும் கை இருந்தது, அதனால் இரண்டு ரூபாய் வந்தது. 30 டாலரை அட்டையில் கட்டு என்றால் வராது.

காசு இல்லாதவர்கள் வேறு விதத்தில் கொடுத்தார்கள். மெனுக்களை மொழிபெயர்த்தார்கள், பிழைகளைப் பதிவு செய்தார்கள், பயிற்சிக் காணொளி செய்தார்கள். தமிழ் எழுத்துகளையே எடுத்துக்கொள்ளுங்கள். புகழ்பெற்ற வணிக மென்பொருட்களிலேயே பல ஆண்டுகள் யூனிகோட் தமிழில் தலைப்புப் போட்டால் 'கொ' உடைந்து கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக நிற்கும். பாமினி எழுத்துருவுக்கு மாற்றி ஒட்டுவது நம் எடிட்டர்களுக்குத் தனி வித்தையாகவே இருந்தது. திறமூல உலகில் ஹார்ஃப்பஸ் என்ற பொது நூலகம் எல்லா மொழி எழுத்துகளையும் கோர்த்துத் தருகிறது. கேடென்லைவ் போன்றவை கட்டப்பட்ட கியூட்டி அடித்தளம் அதைப் பயன்படுத்துவதால், 'கொ' அங்கே ஒழுங்காக நிற்கிறது. எங்கள் பாட்டியின் பெயரை முதன்முதலில் உடையாமல் திரையில் பார்த்தது அப்படித்தான்.

கேடென்லைவ் 2015இல் கேடிஇ அமைப்பின் குடைக்குள் முறையாக வந்தது. 2022இல் அந்த அமைப்பின் பெயரில் மறுபடி நிதி கேட்டார்கள், இலக்கு 15,000 யூரோ. தாண்டியது. இந்த முறை வேறுபாடு என்னவென்றால், கேட்டது தனிநபர் அல்ல. கணக்குக் காட்டும் அமைப்பு இருந்தது, இருபதாண்டு உழைப்பின் நம்பிக்கை இருந்தது, வாக்குறுதியும் அளவாக இருந்தது. சொன்னவற்றில் ஒன்றான, டைம்லைனுக்குள் டைம்லைன் வைக்கும் வசதி, அடுத்த ஆண்டே 23.04 பதிப்பில் வந்தது.

ப்ளெண்டரோ வேறு பாதையில் போனது. ஒருமுறை வசூலை விட்டு மாதச் சந்தா நிதிக்கு மாறியது. 2019இல் எபிக் கேம்ஸ் நிறுவனம் 12 லட்சம் டாலர் கொடுத்தது. 2021இல், யாரென்று நினைக்கிறீர்கள், அடோபியே வந்து நிதியில் சேர்ந்தது! இதை எப்படிப் பார்ப்பது என்று எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. பெரிய கம்பெனிக் காசு வந்தால் அதன் தேவைகள்தான் முதலில் எழுதப்படும் என்பது ஒரு தரப்பு. எழுதப்பட்டது எல்லாம் ஜிபிஎல்லின் கீழ் நமக்கும் வருகிறது, நாளை அவர்கள் போனாலும் நிரலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, ஆகவே வாங்கிக்கொள்ளட்டும் என்பது மறு தரப்பு. 2002இல் முதலீட்டாளர் கதவைப் பூட்டியபோது இல்லாத அந்த உரிமம் இப்போது இருக்கிறது என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டை இல்லை.

அந்தச் சுடுகாட்டுப் பாதைப் படத்தை நாங்களே முடித்தோம். எட்டு ஆண்டுப் பழைய மடிக்கணினி, நான்கு ஜிபி நினைவகம், லினக்ஸ், கேடென்லைவ். காட்சிகளைச் சிறிய பிராக்ஸி பிரதிகளாக மாற்றிக்கொண்டால் அதிலேயே தடுமாறாமல் வெட்ட முடிகிறது. கணினி காலனி வீட்டை விட்டு வெளியே போகவில்லை. யார் முகத்தை மறைப்பது, யார் பெயரைச் சொல்வது என்று பாட்டியும் மகனும் பக்கத்தில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். மகன் தன் முகத்தை மறைக்கச் சொன்னார். பாட்டி தன் முகம் இருக்கட்டும் என்றார். மூன்றாவது நாள் ராத்திரி, கொள்ளுப் பேத்தி மவுஸைப் பிடித்து ஒரு துண்டை வெட்டிப் பழகினாள். அவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. இப்போது எங்கள் குழுவின் எடிட்டர் அவள்தான்.